எடை குறைக்கும் ஊசியை மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள்

(நமது அறக்கட்டளை மண்டபத்தில் நடைபெற்ற குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



இந்த ஆண்டின் மருத்துவ உதவிக் கணக்கை அச்சிட்டு உங்கள் கைகளில் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்குப் போய் நிதானமாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அலுவலகத்துக்கு வந்து கேளுங்கள். இப்போது அந்தக் கணக்கில் உள்ள ஒரே ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசப் போகிறோம். 'ஒரு சகோதரியின் அறுவைச் சிகிச்சைக்கு வட்டியில்லாக் கடன். முதல் தேதி தள்ளிவைக்கப்பட்டது' என்று அதில் இருக்கிறது. ஏன் தள்ளிவைக்கப்பட்டது என்பதுதான் இன்றைய பேச்சு.

அந்தச் சகோதரியிடம் அனுமதி கேட்டோம். "பேரைச் சொல்லாமல் சொல்லுங்கள். நாலு வீட்டுக்கு உதவினால் சரி" என்றார். இதில் எங்கள் பக்கத் தவறும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் சிசேரியன். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு வயிற்றுத் தசைகள் நடுவில் விலகி, தோல் மடிந்து தொங்கிவிட்டது. மடிப்புக்குள் வியர்வை தங்கி, வெயில் காலம் முழுவதும் புண். குனிந்து ஒரு வேலை செய்ய முடியாது. அறுவைச் சிகிச்சை நிபுணர் பார்த்துவிட்டு, "தொங்கும் தோலை எடுத்துவிட்டுத் தசையை இழுத்துத் தைக்கலாம். ஆனால் இது அவசரமான ஆபரேஷன் இல்லை. முதலில் எட்டுக் கிலோ குறைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்.

இன்சூரன்ஸ்காரர்கள் இதை அழகுக்கான ஆபரேஷன் என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் குழுவிலும் இரண்டு கருத்து இருந்தது. அழகுக்கு அறக்கட்டளைப் பணமா என்று சிலர் கேட்டார்கள். புண்ணோடு ருகூவுக்குக் குனிய முடியாமல் இருப்பவருக்கு இது அழகு மட்டும் இல்லை என்று மற்றவர்கள் சொன்னார்கள். கடைசியில் ஜகாத் நிதியைத் தொடாமல், வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து கொடுப்பதென்று முடிவானது.

எட்டுக் கிலோ குறைக்க அவர் பாடுபட்டார். நடந்தார், சோற்றைக் குறைத்தார். இரண்டு மாதத்தில் ஒன்றரைக் கிலோதான் குறைந்தது. அந்த நேரத்தில் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் மூலமாக எடை குறைக்கும் பேனா ஊசி கிடைத்தது. வாரத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலில் தாமே போட்டுக்கொள்ளும் ஊசி. போடும் விதத்தை மொபைலில் பார்த்துக் கற்றுக்கொண்டார். டாக்டர் சீட்டு கிடையாது. சீக்கிரம் குறைய வேண்டுமே என்று, சொன்ன காலத்துக்கு முன்பே அளவைக் கூட்டிக்கொண்டும் போனார். நான்கு மாதத்தில் பத்துக் கிலோ குறைந்தது.

எல்லோரும் பாராட்டினோம். எப்படிக் குறைந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் விண்ணப்பத்தில் 'வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இல்லை' என்று எழுதினார். பொய் எழுத வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. சாப்பிடும் மருந்தைத்தானே கேட்டிருக்கிறார்கள், இது ஊசிதானே, அதுவும் வியாதிக்குப் போடும் ஊசி இல்லையே என்று நினைத்தார். மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்ற கூச்சமும் இருந்தது. மருத்துவமனையில் கேட்டபோதும் அதே பதில்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. ஆபரேஷன் காலை பத்து மணிக்கு. பதினான்கு மணி நேரப் பட்டினி. வருடா வருடம் நோன்பு வைத்துப் பழகிய உடம்புக்கு அது ஒன்றும் பெரிதில்லை. விடியற்காலையில் ஒருமுறை வாந்தி வந்தது. பயத்தில் வந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

தியேட்டருக்குப் போவதற்கு முன்பு மயக்க மருத்துவர் வந்தார். பெண் மருத்துவர். பழைய எடையையும் புதிய எடையையும் பார்த்துவிட்டு, "நாலு மாதத்தில் பத்துக் கிலோ எப்படிம்மா குறைந்தது?" என்று கேட்டார். சகோதரி தலையைக் குனிந்துகொண்டார். கூடப் போயிருந்த அவருடைய ராத்தாதான், "ஊசி போட்டா டாக்டர். போன வெள்ளிக்கிழமை கூடப் போட்டா" என்று சொல்லிவிட்டார். மருத்துவர் உடனே ஸ்கேன் கருவியை வரவழைத்து வயிற்றில் வைத்துப் பார்த்தார். இரைப்பையில் இன்னும் உணவு கிடந்தது. அன்றைய ஆபரேஷன் நிறுத்தப்பட்டது.

இப்போது எங்கள் தவறு. முதல் நாள்தான் பணத்தைக் கட்டியிருந்தோம். ஆபரேஷன் இல்லை என்றதும் எங்களுக்குக் கோபம் வந்தது. மருத்துவமனைக்குப் போன் செய்து, "பதினான்கு மணி நேரம் பட்டினி இருந்தவர் வயிற்றில் என்ன இருக்கப் போகிறது? ஏழைகளின் பணத்தை இப்படி வீணடிக்கலாமா?" என்று வாதாடினோம். அந்த மருத்துவர் கோபப்படவில்லை. "ஒரு தடவை நேரில் வாருங்கள், சொல்கிறேன்" என்றார். போனோம். அவர் சொன்னதையும், அதன்பிறகு நாங்கள் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இப்போது உங்களுக்குச் சொல்கிறோம்.

சகோதரர்களே, முதலில் இந்த ஊசி என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அதன் பெயர் ஜிஎல்பி-1. 'போதும்' என்று மூளைக்குச் சொல்வது அது. சாப்பாடு இரைப்பையிலிருந்து குடலுக்கு இறங்கும் வேகத்தைக் குறைப்பதும் அது. இந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்யும்படி உண்டாக்கிய மருந்துகள்தான் செமாகுளுடைடு, லிராகுளுடைடு போன்றவை. டிர்செபடைடு என்பது இதோடு இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்வது. முதலில் சர்க்கரை நோய்க்காக வந்த மருந்துகள் இவை. ஓசெம்பிக் என்ற பெயரில் செமாகுளுடைடுக்கு அமெரிக்காவில் 2017-ல் சர்க்கரை நோய்க்கு அனுமதி கிடைத்தது. அதே மருந்து வீகோவி என்ற பெயரில் 2021-ல் எடை குறைப்புக்கு அனுமதி பெற்றது. இந்தியாவில் மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வீகோவி 2025 ஜூனிலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பே நம் சபுராளிகளின் பெட்டிகளில் இவை வரத் தொடங்கிவிட்டன என்பது உங்களுக்கே தெரியும்.

இது கெட்ட மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. அதிக எடையாலும் சர்க்கரையாலும் அவதிப்படும் பலருக்கு இது பெரிய உதவி. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த ஊசியோடு உணவுக் கட்டுப்பாட்டையும் நடையையும் சேர்த்துக்கொண்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 15 சதவீதம் அளவுக்குக் குறைந்தது. 68 வாரம் என்பதைக் கவனியுங்கள். அந்த ஆய்வில் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, படிப்படியாக 16 வாரம் ஏற்றித்தான் முழு அளவுக்குப் போனார்கள். நம் வீடுகளில் நடப்பது அப்படியா? நிக்காஹ் தேதிக்கும் ஆபரேஷன் தேதிக்கும் கணக்குப் போட்டு அவசர அவசரமாக ஏற்றுகிறோம்.

இனி, மயக்கம் கொடுக்கும்போது என்ன ஆகிறது என்று பார்ப்போம்.

சாப்பிடும்போது ஒரு பருக்கை மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் நமக்குப் புரை ஏறுகிறது. இருமி இருமி அதை வெளியே தள்ளிவிடுகிறோம். உடம்பில் இருக்கும் காவல் அது. முழு மயக்கத்தில் அந்தக் காவல் தூங்கிவிடுகிறது. அப்போது இரைப்பையில் உள்ள உணவோ புளித்த நீரோ மேலே ஏறி வந்தால், தடுக்க ஆளில்லாமல் நேராக நுரையீரலுக்குள் போய்விடும். நுரையீரல் வெந்து, நிமோனியா வரலாம். செயற்கை மூச்சில் வைக்க வேண்டி வரலாம். உயிரும் போகலாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்து இல்லை. 1946-லேயே நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவத்தின்போது மயக்கம் கொடுக்கப்பட்ட தாய்மார்களுக்கு இப்படி ஏற்பட்டதை ஆராய்ந்து எழுதினார். ஆபரேஷனுக்கு முன் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்ற கட்டுப்பாடு உறுதியானதற்கு அது ஒரு பெரிய காரணம். இன்று பொதுவாக, தெளிந்த தண்ணீர் என்றால் 2 மணி நேரம், லேசான உணவு என்றால் 6 மணி நேரம், பிரியாணி போன்ற கொழுப்பு உணவு என்றால் 8 மணி நேரம் என்று இடைவெளி வைக்கிறார்கள்.

இந்தக் கணக்கு எல்லாம், வயிறு தன் வேகத்தில் வேலை செய்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. எடை குறைக்கும் ஊசி அந்த வேகத்தையே மாற்றிவிடுகிறது. ஆறு மணி நேரத்தில் இறங்க வேண்டியது மறுநாளும் கிடக்கலாம். நோன்பு வைத்துப் பழகிய நமக்கு, பட்டினி கிடந்தால் வயிறு காலி என்பது மனதில் ஊறிப்போன எண்ணம். எங்களையும் போனில் வாதாட வைத்தது அந்த எண்ணம்தான். பட்டினி கிடந்த நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கலாம். வயிற்றுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று கடிகாரம் சொல்லாது.

"அப்படியானால் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு ஊசியை நிறுத்தினால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. செமாகுளுடைடு உடம்பில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் கால் பங்கு நிற்கும். ஏறக்குறைய முழுவதும் வெளியேற ஐந்து வாரம் வேண்டும். டிர்செபடைடு பாதியாக ஐந்து நாள் ஆகும். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை போட்ட ஊசி செவ்வாய்க்கிழமை போய்விடாது.

மருத்துவர்களும் இந்த விஷயத்தில் படிப்படியாகத்தான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். 2023 ஜூனில் அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம், வார ஊசியை ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்துங்கள், தினமும் போடுவதை அன்று ஒருநாள் நிறுத்துங்கள் என்று சொன்னது. 2024 அக்டோபரில் அதே சங்கமும் வேறு சில மருத்துவச் சங்கங்களும் சேர்ந்து அதைத் திருத்தின. எல்லோருக்கும் ஒரே சட்டம் வேண்டாம், பலர் மருந்தைத் தொடரலாம், யாருக்கு ஆபத்து அதிகம் என்று ஆளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது புதிய ஆலோசனை. 2024 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்த மருந்துகளின் குறிப்புத்தாளில், மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் புரை ஏறலாம் என்ற எச்சரிக்கையைச் சேர்த்தது. 2025 ஜனவரியில் பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்பும் இதையே எச்சரித்தது. இது அடிக்கடி நடப்பது இல்லை, அரிதாக நடப்பது. ஆனால் நடந்துவிட்டால் சிறிய விஷயம் இல்லை.

யாருக்கு ஆபத்து அதிகம்? புதிதாக ஊசி தொடங்கியவர்கள், அளவை ஏற்றிக்கொண்டு வருபவர்கள், அதிக அளவில் போடுபவர்கள். குமட்டல், வாந்தி, வயிற்று உப்புசம், மலச்சிக்கல் இருப்பவர்கள். நீண்ட காலச் சர்க்கரையால் ஏற்கெனவே இரைப்பை மந்தமானவர்கள். நம் சகோதரி அளவை ஏற்றிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வாந்தியும் இருந்தது. இரண்டு அடையாளமும் அவரிடம் இருந்தன. அவை தெரிய வேண்டியவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

முன்கூட்டியே தெரிந்தால் மயக்க மருத்துவரால் எத்தனையோ செய்ய முடியும். முதல் நாள் முழுவதும் கஞ்சி கூட இல்லாமல், தெளிந்த நீராகாரம் மட்டும் எடுக்கச் சொல்லலாம். வயிற்றை ஸ்கேன் செய்து பார்க்கலாம். மூச்சுக்குழாயை மிக வேகமாகக் குழாய் வைத்துக் காக்கும் முறையில் மயக்கம் கொடுக்கலாம். முதுகில் ஊசி போட்டுச் செய்ய முடியுமா என்று யோசிக்கலாம். அல்லது தள்ளிவைக்கலாம். தெரியாவிட்டால் இதில் எதையும் செய்ய அவருக்குக் காரணமே இருக்காது.

தாய்மார்களே, இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழுப்பை உறிஞ்சி எடுப்பது போன்றவற்றைச் செய்யும் சில இடங்களில், "முழு மயக்கம் எல்லாம் இல்லை, லேசாகத் தூங்க ஒரு ஊசிதான்" என்று சொல்வார்கள். அதில் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தில் ஆழ்த்தும்போது காவல் தூங்கிவிடுகிறது, ஆனால் மூச்சுக்குழாயைக் காக்கும் குழாயும் இருக்காது. எனவே, "மயக்க மருத்துவர் யார்? கடைசி வரை கூடவே இருப்பாரா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் படுக்காதீர்கள்.

இந்த ஊசி ஒன்று மட்டும்தான் சொல்ல வேண்டியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எடை குறைக்க வேறு எதையெதையோ நாம் விழுங்குகிறோம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சிலர் எடைக்காகவும் சாப்பிடுகிறார்கள். இவற்றை ஆபரேஷனுக்கு 3 நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று 2020-லேயே அமெரிக்கக் கட்டுப்பாட்டு நிறுவனம் சொல்லிவிட்டது. நிறுத்தாவிட்டால், ரத்தச் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் நிலை வரலாம். பசியைக் கொல்லும் ஃபென்டெர்மின் போன்றவை இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக் கூடியவை. நீர் மாத்திரையும் பேதி மாத்திரையும் உடம்பின் பொட்டாசியத்தைக் குறைத்து, மயக்கத்தில் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கலாம்.

'முழுக்க முழுக்க மூலிகை' என்று விற்கும் பொடிகளைப் பற்றி என்ன சொல்வது? சிபுட்ராமின் என்று ஒரு மருந்து. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்பதால் 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்டது. மூலிகை என்று விற்ற எத்தனையோ எடை குறைப்புப் பொடிகளிலும் கேப்ஸ்யூல்களிலும் அதே மருந்து கலந்திருப்பதை அமெரிக்கக் கட்டுப்பாட்டு நிறுவனம் சோதனையில் கண்டுபிடித்து மீண்டும் மீண்டும் எச்சரித்திருக்கிறது. ஆகவே, டப்பாவின் மேல் இலை படம் இருக்கிறதே என்று நம்பாதீர்கள். டப்பாவையே எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வெளிநாட்டிலிருந்து கொண்டு வரும் பேனா ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. திறக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். நம் பெட்டியில் எத்தனை மணி நேரம், எந்தச் சூட்டில் வந்தது என்று யாருக்குத் தெரியும்? போலிகளும் சந்தையில் உலவுகின்றன என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரித்திருக்கிறது. பாசத்தோடுதான் வாங்கி வருகிறார்கள். ஆனால் இது அத்தர் பாட்டில் இல்லை. மருத்துவர் எழுதித் தர வேண்டிய மருந்து.

சரி, மயக்கம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். காயம் ஆற வேண்டாமா? வேகமாக எடை குறையும்போது குறைவது கொழுப்பு மட்டும் இல்லை, தசையும் சேர்ந்தே குறைகிறது. பசியே இல்லாததால் முட்டை, மீன், பருப்பு எதுவும் இறங்காது. புரதமும் இரும்புச் சத்தும் குறைந்த உடம்பில் தையல் போட்டால் காயம் ஆறத் தாமதமாகும், பிரியவும் கூடும். வயிற்றை இறுக்கித் தைக்கும் ஆபரேஷனில் தையல் நீளமானது. ஆபரேஷன் முடிந்த கையோடு மீண்டும் ஊசியைப் போட்டு வாந்தி எடுத்தால், ஒவ்வொரு வாந்தியும் அந்தத் தையலைத்தான் இழுக்கும். ஆகவே எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். இன்னொன்று: எடை இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும்போது தோலை வெட்டித் தைத்தால், பிறகு மீண்டும் தொங்கும். எடை சில மாதங்கள் ஒரே அளவில் நின்ற பிறகு செய்வதுதான் நல்லது என்று நிபுணர்கள் சொல்வது இதனால்தான்.

சர்க்கரை நோய்க்காக இந்த ஊசி போடுபவர்கள் இன்று எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு நாளைக்கே நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் சர்க்கரை ஏறும். அதுவும் ஆபரேஷனுக்குக் கெடுதல்தான். நிறுத்துவதா, தொடர்வதா, வேறு மருந்து மாற்றுவதா என்பதை மருந்து எழுதியவரும், அறுவை செய்பவரும், மயக்கம் கொடுப்பவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். நம் வேலை சொல்வது. முடிவு எடுப்பது அவர்கள் வேலை.

சொல்வதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஏன்? வெட்கம். "ஊசி போட்டுத்தான் இளைத்தாள்" என்று பேசுவார்களே என்ற பயம். சகோதரர்களே, அந்தப் பயத்தை அவர்கள் மனதில் போட்டது யார்? பெண் பார்க்கப் போன இடத்தில் "கொஞ்சம் குண்டோ?" என்று கேட்டது யார்? பிள்ளை பெற்று ஆறு மாதம் ஆவதற்குள் "உடம்பைக் கவனிக்கக் கூடாதா?" என்று சொன்னது யார்? நாம்தான். நம் வீட்டுப் பெண்கள் ஊசியை மறைக்கிறார்கள் என்றால் நம் வாய்க்குப் பயந்துதான் மறைக்கிறார்கள். அந்த வாயை நாம் அடக்கினால் பாதி ஆபத்து குறையும்.

சகோதரிகளே, உங்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். மாமியார், கணவர், நாத்தனார் முன்னால் சொல்ல முடியவில்லை என்றால், "டாக்டர், உங்களோடு தனியாகப் பேச வேண்டும்" என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் சொல்வதைப் பிறரிடம் சொல்லாமல் காப்பது மருத்துவரின் கடமை. மருந்தின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி, எப்போது அளவை ஏற்றினீர்கள், குமட்டல் வாந்தி உண்டா, இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பேசவே வேண்டாம், தாள் பேசும். கடைசி நிமிடத்தில் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். தியேட்டர் வாசலில் சொன்னால் கூட அது தாமதம் இல்லை. நம் சகோதரிக்கு அவருடைய ராத்தா சொன்ன ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

நிக்காஹுக்குப் பெண்ணையோ மாப்பிள்ளையையோ தயார் செய்கிறோம் என்று இப்படிப்பட்ட ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். குடல்வால் வெடித்தால் இரவோடு இரவாக வயிற்றைத் திறந்துதான் ஆக வேண்டும். சாப்பிட்டிருந்தாலும் வேறு வழியில்லை. அழகுக்கான ஆபரேஷனில் அந்த நெருக்கடி கிடையாது. நம் கையில் நேரம் இருக்கிறது. ஒரு மாதம் தள்ளினால் ஒன்றும் கெட்டுப்போகாது. இருக்கும் நேரத்தை மண்டபம் பதிவு செய்த தேதிக்காக விட்டுக்கொடுத்துவிட்டு, இல்லாத ஆபத்தை விலை கொடுத்து வாங்கலாமா? உடம்பு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று பயானில் கேட்கிறோம். அமானிதத்தை வைத்துக்கொண்டு அவசரப்படக் கூடாது.

எங்கள் தவறுக்கு எங்களால் முடிந்த திருத்தத்தையும் செய்திருக்கிறோம். அந்த மருத்துவரிடம் போய் வருத்தம் தெரிவித்தோம். விண்ணப்பத்தில் 'சாப்பிடும் மருந்துகள்' என்றிருந்ததை எடுத்துவிட்டு, 'கடந்த மூன்று மாதத்தில் எடை குறைக்கவோ வேறு எதற்கோ போட்ட ஊசி, மாத்திரை, பொடி, மூலிகை எல்லாம்' என்று மாற்றியிருக்கிறோம். அந்தப் பக்கத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கலாம். அலுவலகத்தில் யாரும் திறக்க மாட்டார்கள், நேராக மருத்துவருக்குப் போகும். அவசரமில்லாத ஆபரேஷன் என்றால், இரண்டு வாரம் முன்பே மயக்க மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த சீட்டு இருந்தால்தான் காசோலை எழுதுவோம். தேதி தள்ளிப்போனால் அதற்கு ஆகும் செலவையும் அறக்கட்டளையே ஏற்கும். பணம் வீணாகிறதே என்று யாரும் உண்மையை மறைக்க வேண்டிய நிலை வரக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

அந்தச் சகோதரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மருத்துவர்கள் சொன்னபடி ஊசியை நிறுத்தினார். ஆறு வாரம் நன்றாகச் சாப்பிட்டு, ரத்த அளவும் சரியான பிறகு ஆபரேஷன் நடந்தது. முந்தின நாள் முழுவதும் நீராகாரம் மட்டும். காலையில் வயிற்றை ஸ்கேன் செய்து காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மயக்கம் கொடுத்தார்கள். அல்ஹம்து லில்லாஹ், காயம் நன்றாக ஆறியிருக்கிறது. கடனில் மூன்று தவணையும் கட்டிவிட்டார். இன்று இந்த மண்டபத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று தேடாதீர்கள்.

தேடுவதற்குப் பதிலாக, வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். கதவுத் தட்டில் இப்படி ஒரு பேனா இருந்தால், திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள். "இதை டாக்டரிடம் சொல்லிவிட்டாயா?" என்று மட்டும் அன்பாகக் கேளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வையும், உண்மையைச் சொல்லும் துணிவையும், பிறர் குறையை மறைக்கும் நல்ல குணத்தையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.